ஆகாயத்தில் ஒரு காமிரா

வீட்டுக்கு வந்த யந்திரங்கள் – 9

சென்ற இதழில் கைக்கு அடக்கமான காமிராக்களைப் பற்றிப் பார்த்தோம். அந்தக் காமிராவுக்கே நான்கு விசிறிகளைப் பூட்டி ஆகாயத்தில் ஏற்றிவிட்டால் என்ன என்று மனிதனுக்குத் தோன்றியதன் விளைவுதான், இன்று கல்யாண மண்டப வாசலிலும் கும்பாபிஷேகக் கூட்டத்தின் மேலும் ரீங்காரத்தோடு வட்டமிடும் டிரோன். 2013ஆம் வருஷம் சீனத்து டிஜேஐ நிறுவனம் ‘ஃபாண்டம்’ என்னும் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள்முதல், விமானம் ஓட்டும் வித்தையை அறியாத சாமானியனுக்கும் தென்னையின் உச்சிக்கு மேலே நின்று தன் ஊரைப் பார்க்கும் பாக்கியம் கிட்டிவிட்டது.

அந்தப் பாக்கியம் அற்பமானதல்ல. விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கிராமம் வெறும் கோடும் கட்டமுமாகிவிடுகிறது; தரையில் நின்றால் வரப்புக்கு அப்பால் கண் செல்வதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் நின்று நோக்கும்போதுதான், ஏரி மதகிலிருந்து புறப்படும் வாய்க்கால் எங்கே கிளை பிரிகிறது, எந்த வயலை நனைத்து எந்த வயலை விட்டுவிடுகிறது, கரை எவ்விடத்தில் சரிந்திருக்கிறது என்பவையெல்லாம் ஒரே பார்வையில் விளங்குகின்றன.

ஆனால் இதை வாங்குகிறவர், படம் பிடிக்கிறவர் ஆவதற்கு முன்பே விமானி ஆகிவிடுகிறார் என்பதைப் பலர் உணர்வதில்லை. நமது சர்க்கார் உணர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள், 250 கிராம் வரை எடையுள்ளதை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரை உள்ளதை மைக்ரோ என்றும் வகுத்து, நானோவுக்கும், வியாபார நோக்கமின்றிப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று சலுகை காட்டுகின்றன. சர்க்காரின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் பிரதேசத்தில் 400 அடி வரை பறக்கலாம்; விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியிலோ, தடையற்ற உயரம் 200 அடிதான். டிரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும் என்பது பொது விதி. 2022 பிப்ரவரி முதல் அந்நிய தேசத்து டிரோன்களின் இறக்குமதிக்கு, ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகிய காரியங்களுக்கன்றித் தடை இருப்பதால், கடைக்காரர் எடுத்து நீட்டும் பெட்டிக்கு ரசீது உண்டா, அடையாள எண் கிடைக்குமா என்று, விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுவது விவேகம்.

இத்தனை நிபந்தனைகள் ஒரு விளையாட்டுச் சாமானுக்கு அவசியந்தானா என்று கேட்பவர்கள், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தருகே காட்டுத்தீ மூண்டபோது நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். சேதத்தைப் பார்க்கும் ஆவலில் ஒருவர் சாண்டா மோனிகாவிலுள்ள வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து தமது டிரோனைக் கிளப்பி, இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் செலுத்தி, அது கண்ணுக்கு மறைந்த பிறகும் நிறுத்தாமல் இருக்க, தீயின்மேல் தண்ணீர் கொட்டுவதற்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த விமானத்தின் இடது இறக்கையில் அது மோதி, ஏறக்குறைய மூன்றங்குல அகலமும் ஆறங்குல நீளமுமாக ஓட்டை போட்டுவிட்டது. உள்ளே இருவர் இருந்தனர். தெய்வாதீனமாக விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ பரவிக்கொண்டிருந்த நாட்களில் அது பழுதுபார்க்கும் கொட்டகையில் முடங்கியது.

கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் அனுப்பக்கூடாது என்ற ஒரு நியதியைக் காத்தாலே பாதி அபாயம் நீங்கும். மீதிப் பாதி சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. சிக்னல் அறுந்தால் தானாகத் திரும்பிவரும் வசதியை எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்த யந்திரமோ, நாம் முன்கூட்டியே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து நேர்கோட்டில் வீடு திரும்பும்; ஆகவே, குறித்த உயரம் முப்பது மீட்டராகவும் வழியில் நிற்கும் செல்போன் கோபுரம் நாற்பது மீட்டராகவும் இருந்தால், தடையை உணரும் சக்தியில்லாத மாடல் நேரே போய் முட்டிக்கொள்ளும். கம்பி நிறைந்த கான்கிரீட் மாடியிலிருந்தோ காரின் முகப்பிலிருந்தோ கிளப்பினால் உள்ளிருக்கும் திசைகாட்டி குழம்பக்கூடும். காற்றோடு போன டிரோன் எதிர்காற்றில் திரும்பும்போது பேட்டரியை இருமடங்கு வேகத்தில் தின்றுவிடக்கூடுமாதலால், முதலில் எதிர்காற்றில் செலுத்துவதும், மூன்றிலொரு பங்கு சார்ஜ் மிஞ்சியிருக்கும்போதே இறக்குவதும் நல்ல பழக்கங்கள். பருந்து பாய வந்தால் கீழே இறக்காமல் மேலே ஏற்ற வேண்டும். பாய்ந்து இறங்குவதில் அதற்குள்ள லாகவம் செங்குத்தாக ஏறுவதில் இல்லை. உப்பிய பேட்டரியை மறுபடியும் சார்ஜில் போடவே கூடாது.

அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கு மேலே காமிரா நின்றால் அவ்வீட்டாருக்கு என்ன தோன்றும் என்பதை விதிப் புத்தகம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமென்பதில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது: ஒரு கல்யாணத்துக்காகவோ ஓர் உல்லாசப் பிரயாணத்துக்காகவோ இதை வாங்குவது வீண் செலவு, சான்றிதழ் பெற்ற தொழில்காரரை ஒருநாள் அமர்த்திக்கொள்வதே லாபம். பக்கத்தில் திறந்தவெளியும், அடிக்கடி பறக்கவிட அவகாசமும், ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளப்பும் பொறுமையும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். 250 கிராமுக்கு உட்பட்டதில் தொடங்கி, முதல் மாதம் ஜன நடமாட்டமில்லாத மைதானத்தைவிட்டு வெளியே போகாதிருக்கட்டும்.