பழனிக்கு நடந்தவர் ஏன் இலேசாகத் திரும்புகிறார்?

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும் சாலையின் ஓரம் மனிதர்களால் நிறைந்துவிடும். பச்சை வேட்டி, காவி வேட்டி, தோளில் காவடி, தலையில் ஒரு துணிமூட்டை. குன்றக்குடியில் புறப்பட்டு நத்தம், திண்டுக்கல் வழியாக நடந்துவரும் நகரத்தார் கூட்டம், எடப்பாடியிலிருந்து காவடியோடு வரும் கூட்டம், மதுரைக்காரர்கள், பொள்ளாச்சிக்காரர்கள். காலில் கொப்புளம், முழங்காலில் வலி, வெயில், தூக்கக் குறைவு எல்லாவற்றோடும் அடிவாரத்தை அடைகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "மனசு லேசா இருக்கு" என்பார்கள். வீட்டுக்குப் போன சில வாரங்களில் அது மெல்லக் கரைந்துவிடும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

அதை முருகன் அருள் என்று அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குள் போக இந்தக் கட்டுரைக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. மாலை போட்ட நாளிலிருந்து மலையேறும் நாள்வரை ஒருவருடைய சாப்பாட்டிலும் அன்றாடத்திலும் என்ன மாறுகிறது என்று மட்டும் பார்ப்போம். மாறுகிறவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

முதலில், பாதயாத்திரைக்காரரின் சாப்பாடு ஒன்றும் அதிசயமானதல்ல. விரத நாட்களில் கறி, மீன், மது, புகை இல்லை. வழியில் அன்னதானப் பந்தல்களில் கிடைப்பது பொங்கல், சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், நீர்மோர், சுக்குக் காபி. மாவுச்சத்து அதிகமுள்ள உணவுதான். சத்துக் கணக்கு போடும் நிபுணர் பார்த்தால் காய் போதாது, பருப்பு போதாது என்பார். அப்படியிருந்தும் மனம் தெளிகிறது என்றால் காரணம் தட்டில் இருப்பது மட்டுமல்ல. "இதைச் சாப்பிட்டால் மகிழ்ச்சி" என்று ஒரு விதையையும் ஒரு பொடியையும் காட்டி விற்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த விளம்பரங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு செய்தி உண்டு: மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பது. அது உண்மைதான். ஆனால் குடலில் உருவாகும் செரோட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே வாழைப்பழம் தின்றவுடன் மகிழ்ச்சி ஊறும் என்பது பொய். குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு வேறு வழிகளில் இருக்கிறது. வேகஸ் என்னும் நீண்ட நரம்பு குடலின் நிலவரத்தை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடலிலுள்ள நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடலின் உட்சுவரைக் காத்து, உடலில் அழற்சி பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன. நீடித்த அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் உறவு உண்டு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவை ஒரு வேளைச் சாப்பாட்டில் நடப்பவை அல்ல. மாதக்கணக்கான பழக்கத்தில் நடப்பவை.

பழக்கத்தை மாற்றினால் மனம் மாறுமா என்று நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. பெலிஸ் ஜாக்கா தலைமையிலான குழு 2017இல் அதை வெளியிட்டது. மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசகர் காய், பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றக் கற்றுத்தந்தார். மற்றப் பிரிவோடு ஒருவர் அதே அளவு நேரம் உட்கார்ந்து நட்பாகப் பேசிக்கொண்டிருந்தார். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது உணவை மாற்றியவர்களில் சுமார் 32 சதவீதத்தினருக்கும் பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும் நோய் அறிகுறிகள் பெரும்பாலும் நீங்கியிருந்தன. சிறிய ஆய்வுதான். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் மருந்தோ மனநல சிகிச்சையோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சாப்பாடு சிகிச்சைக்குத் துணை நிற்கும் என்பது வரை அது சொல்கிறது. அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

ஆலிவ் எண்ணெய்க்கு நாம் எங்கே போவது என்று கேட்க வேண்டியதில்லை. பழனியைச் சுற்றிய மண்ணில் விளைவதைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போவது இங்கிருந்துதான். பழனிக்குப் பக்கத்து ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போன ஊர். நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பது அதில் கால் பங்கு. கொய்யாவின் நார்ச்சத்தும் அதிகம். சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் அந்தப் பழத்தைத் தாண்டிப்போய் நம் ஊர்க்காரர்கள் பேக்கரியில் பப்ஸ் வாங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கொள்ளு, பச்சைப்பயறு கடையல், கீரை, அரிசியும் பருப்பும் சாதம், கம்பு, கேழ்வரகுக் களி ஆகியவை இந்தப் பக்கத்து அடுப்புகளில் புழங்கியவைதான்.

சிறுதானியம் என்றவுடன் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அரிசியை எதிரியாக்கும் பேச்சு இப்போது பெருகியிருக்கிறது. பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள பொருந்தல் கிராமத்தில் 2009–10இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் வைத்திருந்த ஜாடிக்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கதிரியக்கக் கரிமச் சோதனையில் தெரிந்தது. இறந்தவரோடு நெல்லை வைத்து அனுப்பிய மக்கள் நாம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு உறவை ஒரு காணொளியைப் பார்த்து முறித்துக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் அளவில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவு: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசியிலிருந்து முழுக்கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது. மலைபோல் குவித்த சோற்றுக்குப் பதிலாக மலைபோல் குவித்த களி தீர்வாகாது. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுவதுதான் தீர்வு.

அடுத்தது நடை. பாதயாத்திரையில் ஒருவர் ஒரே நாளில் நடக்கும் தூரத்தைச் சாதாரண நாட்களில் ஒரு வாரத்திலும் நடக்கமாட்டார். அவ்வளவு வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழனிவாசிகளுக்கு இது கைக்கெட்டிய வசதி. மலையைச் சுற்றும் கிரிவீதி இரண்டரைக் கிலோமீட்டருக்குள்தான். நீதிமன்ற உத்தரவால் 2024இல் அங்கே வாகனங்களுக்குத் தடையும் வந்துவிட்டது. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் ஊர்மக்கள், குறிப்பாகப் பெண்கள், அதிகாலையிலும் மாலையிலும் கடம்ப மலர் சூடிக் கிரிவலம் வருவது இந்த ஊரின் வழக்கம். வெயில் ஏறுமுன் எழுந்து, காலை வெளிச்சத்தில், பேச்சுத்துணையோடு நடப்பது. உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்து இரவில் நல்ல தூக்கம் தருவதற்கு மருத்துவர் சொல்லும் அறிவுரையும் ஏறக்குறைய இதேதான். அந்தப் பதினான்கு நாள் பழக்கத்தை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்கொள்ள யாரும் தடையில்லை. அதுகூட முடியாதவர்கள் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தே இருக்காமல் அவ்வப்போது இரண்டு மூன்று நிமிடம் மெல்ல நடந்தாலே ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

என் பார்வையில் எல்லாவற்றிலும் வலுவானது, சேர்ந்து உண்பது. பழனிக் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அங்கே பக்கத்தில் உட்காருபவர் யார், என்ன வேலை, என்ன சாதி என்று கேட்டுக்கொண்டு யாரும் உட்காருவதில்லை. பாதயாத்திரையில் முன்பின் தெரியாதவர் தட்டில் சோறு போடுகிறார். முன்பின் தெரியாதவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை ஒரு முழு அத்தியாயத்தை இந்தப் பொருளுக்கு ஒதுக்கியது. வாரத்தில் எத்தனை வேளை பிறரோடு சேர்ந்து சாப்பிடுகிறோம் என்பது, வருமானத்தைப் போலவே, ஒருவர் தம் வாழ்க்கையில் நிறைவாக இருக்கிறாரா என்பதோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. சேர்ந்து உண்பதில் தெற்காசியா மிகவும் பின்தங்கியிருந்தது. விருந்தோம்பலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. அப்பா பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வருகிறார், பிள்ளை அறைக்குள் கைப்பேசியோடு தட்டை எடுத்துப் போகிறது, அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக அடுப்படியில் நின்றபடி தின்கிறார். பல வீடுகளின் இரவுச் சாப்பாடு இன்று இப்படித்தான் நடக்கிறது. தனித்து உண்பதால் மனம் வாடுகிறதா, வாடிய மனம் தனித்து உண்ணவைக்கிறதா என்பதை அந்த அறிக்கையால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் நடக்கலாம். எப்படியிருந்தாலும் ஒரு வேளை சேர்ந்து உட்காருவதில் நட்டமில்லை.

காவடியையே நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. தமிழர் குடியேறிய மொரீஷியஸ் தீவில், தைப்பூசக் காவடி எடுப்பவர்களை மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலாடஸும் குழுவினரும் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் கவனித்தார்கள். உடலில் அலகு குத்திக்கொண்டு வெயிலில் மலையேறியவர்களுக்கு நீடித்த உடற்கேடு எதுவும் தென்படவில்லை. தம் உடல்நலத்தையும் வாழ்க்கையையும் பற்றிய அவர்களுடைய மதிப்பீடு உயர்ந்திருந்தது. நாட்பட்ட நோயாளிகளும் ஏழைகளும் அதிக அலகு குத்திக்கொண்டார்கள். அதிகம் தாங்கியவர்களுக்கே மனநலத்தில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. 2019இல் வெளிவந்த அந்த ஆய்வு வலியைப் பரிந்துரைக்கவில்லை. ஒரு நோக்கம், அதற்கான முயற்சி, அதைக் கண்ணால் பார்த்து மதிக்கும் சுற்றம் ஆகியவை கூடும்போது மனிதனுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டியது.

பஞ்சாமிர்தத்தைச் சொல்லாமல் பழனியில் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் ஆகியவற்றால் ஆனது. தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன விருப்பாட்சி மலைவாழைக்கு அதற்கு முன்பே அந்தக் குறியீடு கிடைத்துவிட்டது. உள்ளங்கையில் வாங்கி உண்ணும் பிரசாதம் அது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தோசைக்கும் சப்பாத்திக்கும் தொட்டுத் தின்பது மாவுச்சத்தின் மேல் இனிப்பு. நீரிழிவுக்காரர்கள் சிறு துளியோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். 2023இல் வெளியான கணக்கின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருக்கிறது. மாலை போடுகிறவர்களிலும் அவர்கள் பலர் இருப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தால் காயம் பட்டதே தெரியாது. புண் ஆறாமல் காலையே இழக்க நேரலாம். புறப்படும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள், மருந்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், செருப்போடு நடங்கள். இரவில் நெடுஞ்சாலையோரம் நடக்கும் எல்லோரும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை உடையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் "நல்லாச் சாப்பிட்டு நாலு நடை நட" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எழுந்து நடக்க முடியாமல் செய்வதே அந்த நோயின் இயல்பு. அவருக்கு மருத்துவர் வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.