வெயில் தேடிச் சென்றோர்

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பேட்' என்றொரு சொல் வழங்கி வருகிறது. தாய்நாட்டை விட்டு அயல்நாட்டில் வசிப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும், வயிற்றுப்பாட்டுக்காக மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் தமிழரை எவரும் இப்பெயரால் அழைத்ததில்லை. ஆப்பிரிக்காவினின்று படகேறி ஸ்பெயின் கரையில் ஒதுங்கும் ஏழைக்கும் அப்பெயர் கிட்டுவதில்லை. அவன் வெறும் குடியேறி. அதே கரையில் வீடு வாங்கி வெயில் காயும் ஆங்கிலேயருக்கோ அது இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கௌரவப் பெயர், தேவைப்பட்ட வேளையில் அவர்களுக்கு எவ்வளவு உதவிற்று என்பதை ஆராய்தல் தகும்.

ஸ்பெயின் தேசத்தின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில், தொர்ரெவியெஹா என்னும் பட்டினம் இருக்கிறது. உப்பளமும் மீன்பிடிப்புமே அவ்வூரின் பழைய ஜீவனோபாயம். உப்பு ஏற்றிக்கொண்டு கியூபாத் தீவுக்குப் போன அவ்வூர் மாலுமிகள், திரும்புகையில் 'அபனேரா' என்னும் பாட்டுவகையைக் கொண்டுவந்தனர். அப்பாட்டுக்கென 1955 முதல் அங்கே போட்டி நடைபெற்று வருகிறது. ஊரை அடுத்த உப்பேரிகளில் ஒன்று இளஞ்சிவப்பு நிறமுடையது. மழை அற்பம், குளிர் காலத்திலும் வெயிலுக்குக் குறைவில்லை. இவ்வெயிலை நாடியே, வேலையினின்று ஓய்வு பெற்ற ஆங்கிலேயரும், ஜெர்மானியரும், ஸ்காண்டிநேவியரும், பின்னர் ருஷியரும் உக்ரேனியரும் அங்கே திரளாக வந்து தங்கினர்.

இவர்களுள் ஆங்கிலேயரின் வாழ்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூடுபனியில் ஆயுள் முழுதும் உழைத்த ஒருவர், தம் சிறு வீட்டை விற்ற பணத்தில் கடலோரத்தில் முற்றமும் எலுமிச்சை மரமும் உள்ள வீட்டை வாங்கினால் அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. முதுமையில் மூட்டுவலிக்கு வெயில் இதமானது. ஆனால் தெருவுக்குத் தெரு ஆங்கிலச் சாராயக் கடை உண்டு. ஆங்கிலக் காலைச் சிற்றுண்டியும் ஆங்கிலப் பத்திரிகையும் ஆங்கிலம் பேசும் வைத்தியரும் உண்டு. ஆகவே, ஸ்பானிய மொழியில் வந்தனம் சொல்வதற்கு மேல் ஒரு வாக்கியமும் கல்லாமலே இருபது வருஷம் கழித்துவிடலாம், கழித்தோரும் பலர். அயலான் வந்தால் நம் மொழியைக் கற்கவேண்டும் என்று இங்கிலாந்தில் முழங்கும் கட்சியாருக்கு இக்காட்சியை யாரேனும் காட்டினால் நன்று.

இவ்வாழ்வுக்கு ஆதாரமாக நின்றது வெயில் மட்டுமன்று. ஐரோப்பிய யூனியனின் சட்டமே. யூனியன் பிரஜை எவரும் அதன் எந்த நாட்டிலும் வசிக்கலாம். பிரிட்டிஷ் ஓய்வூதியம் ஸ்பெயினில் உள்ளவருக்கு வருஷந்தோறும் உயர்ந்தது, இன்றும் உயர்கிறது. நம் இந்தியாவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறும் பிரிட்டிஷாருக்கு அத்தொகை உயராமல் அப்படியே நின்றுவிடுகிறது. வைத்தியச் செலவையும் ஸ்பெயினில் வாழும் ஓய்வூதியருக்காகப் பிரிட்டிஷ் சர்க்காரே ஏற்கிறது. இத்தனையும் ஒரு சட்டக் கயிற்றில் தொங்கிற்று. 2016 ஜூன் 23-ல் பிரிட்டிஷ் பொதுஜனங்கள் வாக்களித்து அக்கயிற்றை அறுத்தனர்.

அந்த வாக்கெடுப்பில், பதினைந்து வருஷங்களுக்கு மேல் வெளிநாட்டில் வசித்த பிரிட்டிஷாருக்கு வாக்கு இல்லை! எவருடைய வாழ்வு முதலில் பாதிக்கப்படுமோ அவரிடமே அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. இவ்வநீதியை எதிர்த்து நெடுங்காலம் வாதாடியவர் ஹாரி ஷிண்ட்லர். இவர் இருந்தது ஸ்பெயினில் அன்று. இத்தாலியில், அத்ரியாடிக் கடற்கரையில். 1944-ல் ஆன்ஸியோவில் போரிட்ட அப்போர்வீரர், 1982-ல் இத்தாலியில் குடியேறினார். தமக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2013-ல் தோற்றார். தளரவில்லை. கடைசியில் 2022-ம் வருஷத்துச் சட்டம் அப்பதினைந்து வருஷக் கட்டை நீக்கிற்று. அது அமலுக்கு வந்தது 2024 ஜனவரியில். ஷிண்ட்லரோ, 2023 பிப்ரவரியில், தமது 101-வது வயதில், காலமாகிவிட்டார்.

2020 டிசம்பர் முடிவுக்குள் ஸ்பெயினில் முறைப்படி குடியிருந்தோரின் உரிமைகள் ஒப்பந்தத்தால் காக்கப்பட்டன. குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோனவர்கள் பாடுதான் திண்டாட்டம். இப்போது 180 நாட்களில் 90 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கக் கூடாது. சொந்த வீட்டின் கதவைப் பூட்டிவிட்டு, நாட்களை எண்ணி வெளியேற வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கனுக்கு மட்டுமே உரியவை என்று அவர்கள் நினைத்த எல்லைக் கணக்குகள் அவர்கள் வாசலுக்கும் வந்துவிட்டன.

ஊராரின் கட்சியையும் நாம் சொல்லியாக வேண்டும். ஐந்து லக்ஷம் யூரோவுக்கு வீடு வாங்கும் அயலாருக்கு வசிக்கும் அனுமதி தரும் சட்டத்தை 2013-ல் ஸ்பெயின் சர்க்கார் இயற்றிற்று. 2025 ஏப்ரலில் அதை ரத்துச் செய்தது. இதற்கிடையில் கடலோர நகரங்களில் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. யாத்திரீகருக்கு உணவு பரிமாறும் ஊழியனுக்கு அவ்வூரில் குடக்கூலி கொடுத்துக் கட்டுவதில்லை. 2024-ல் கானரித் தீவுகளிலும் மாலகாவிலும் பால்மாவிலும் ஜனங்கள் வீதிக்கு வந்ததற்கு இதுவே முக்கிய காரணம். ஓய்வு பெற்ற கிழவரின் மீது கோபங்கொள்வது நியாயமன்று என்பது நம் துணிபு. வெயிலை விற்ற லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று என்றே கேட்கவேண்டும்.

இருசாராரும் சந்திக்க ஒரு வாசல் திறந்தேயிருக்கிறது. 2019 ஜனவரியில் பிரிட்டனும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மூன்று வருஷம் அங்கே வசித்த பிரிட்டிஷார் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். பெயரை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், அவ்வளவே. நகரசபைக்கு மத்திய சர்க்கார் அளிக்கும் பணமும் குடிக்கணக்கில் ஏறிய தலைகளைப் பொறுத்தது. பதியாதவர் தெருவிலும் விளக்கெரிப்பதும் குப்பை வாருவதும் அந்த நகரசபைதான்.