சுவரும் சுரமும் – 7: கிளாஸ்கோவைக் கற்பனை செய்தவர்கள்

சென்ற வாரம் லெய்டன் நகரத்துச் சுவர்க் கவிதைகளோடு இருந்தோம். இந்த வாரம் கடல் தாண்டி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ.

அலஸ்டர் கிரே ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் எழுதத் தொடங்கிய நாவல் 'லானார்க்'. 1981இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது 46. அதில் ஓவியம் பயிலும் டங்கன் தா நண்பனிடம் ஊரைப் பற்றி ஆதங்கப்படும் இடம் ஒன்று உண்டு. கலைஞர்கள் யாரும் கற்பனையில் குடியேறாத ஊரில், அங்கேயே பிறந்தவர்கள்கூட முழுதாக வாழ்வதில்லை என்பது அவன் எண்ணம். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். கப்பல் கட்டும் ஊர் என்று மட்டுமே பேர் வாங்கிய ஒரு நகரத்தின் ஏக்கம் முழுவதும் அதில் இருக்கிறது.

டங்கன் தேவாலயச் சுவரில் உலகப் படைப்பை வரையத் தொடங்கி, முடிக்க முடியாமல் உடைந்துபோகிறான். கிரேயும் இளமையில் பிரிட்ஜ்டன் தேவாலயம் ஒன்றில் அதே கருவை வரைந்தவர். கட்டடத்தை இடித்தபோது ஓவியமும் போயிற்று. ஆனாலும் அவர் தூரிகையை விடவில்லை. பைரஸ் சாலை முனையில் பழைய தேவாலயம் ஒன்று ஓரன் மோர் என்ற கலைக்கூடமாக மாறியது. அதன் உயர்ந்த கூரையைக் கருநீல இரவு வானமாக ஆக்கினார். 2012இல் பக்கத்து ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையத்திலும் அவருடைய சுவரோவியம் வந்தது. அந்த வட்டாரத்துத் தெருக்களும் மாடிவீடுகளும் அதில் விரிந்து கிடக்கின்றன, கூடவே விதவிதமான மனிதர்கள். வேலைக்கு ஓடுகிறவர் டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே தம் தெருவைச் சித்திரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார். டங்கனின் ஆதங்கத்துக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதே மேற்கு கிளாஸ்கோவில்தான் ஸ்டூவர்ட் முர்டாக் தேவாலயக் கூடம் ஒன்றைப் பராமரித்துக்கொண்டு அதன் மாடியில் குடியிருந்தார். நாட்பட்ட சோர்வு நோயால் பல ஆண்டுகள் முடங்கி, அந்த முடக்கத்தில் பாட்டெழுதக் கற்றவர். அவருடைய குழு 'பெல் அண்ட் செபாஸ்டியன்'. செசில் ஓப்ரியின் பிரெஞ்சு சிறுவர் கதையில் வரும் நாயும் சிறுவனும் தந்த பெயர் அது. முதல் ஆல்பம் 'டைகர்மில்க்' 1996இல் ஸ்டோ கல்லூரி மாணவர்கள் நடத்திய இசை நிறுவனத்தின் வழியாக வந்தது, வெறும் 1000 இசைத்தட்டுகள். 1999இல் மறுபதிப்பு வரும்வரை அவற்றின் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

செல்லோ, டிரம்பெட், அதட்டாத குரல். பிறந்த அன்றே அறுபதுகளின் பாட்டுப்போல ஒலித்த இசை. பள்ளிக்கூடம், பஸ் பயணம், தனியாக நடக்கும் பெண் என்று எல்லாம் அன்றாடம். நேற்று நடந்ததை இருபது வருஷ நினைவுபோலப் பாடுவதால்தான், கிளாஸ்கோவோடு ஒட்டும் உறவும் இல்லாத எனக்கும் அந்தத் தெருக்கள் பழகிய தெருக்களாகிவிட்டன.

கேட்கத் தொடங்குகிறவர்கள் 'டைகர்மில்க்'கையே முதலில் கேளுங்கள். 'லானார்க்' மூன்றாம் பாகத்தில் தொடங்கும். பிறகுதான் முதலும் இரண்டும் வரும். எண் வரிசைக்கு மாற்றிப் படிக்காதீர்கள். கிரே வைத்த வரிசையில்தான் டங்கனின் வலி சரியான இடத்தில் வந்து தைக்கும்.

(தொடரும்)