ஆயிரம் கெஜத்துக்கு ஒரு கண்ணாடி

1874 செப்டம்பர் 26 அன்று, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் ரைபிள் சுடும் போட்டியில் மோதின. தொலைவு 800, 900, 1000 கெஜம். 934க்கு 931 என்று மூன்றே புள்ளி வித்தியாசத்தில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் சுட்ட நல்ல குண்டு ஒன்று பக்கத்து இலக்கில் போய்ப் பட்டதும், அதற்குப் புள்ளி கிடைக்காமல் போனதும்தான் அந்த மூன்று புள்ளிக்குக் காரணம். அங்கே யாருடைய ரைபிள் மேலும் ஸ்கோப் கிடையாது. உருப்பெருக்கும் கண்ணாடியைப் போட்டி விதி ஏற்கவில்லை. பின்னால் வெர்னியர் அளவுகோலோடு ஒரு துளை, முன்னால் ஒரு சின்ன வளையம், நடுவில் மனிதக் கண். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கறுப்புச் சதுரத்தை இவ்வளவை வைத்துக்கொண்டே அடித்தார்கள்.

ஸ்கோப் அப்போதே இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855இலேயே ரைபிளுக்கான தொலைநோக்கி செய்யத் தொடங்கிவிட்டார். ரைபிள் குழலின் நீளத்துக்கே நீண்ட மெல்லிய குழாய். பார்வைப் பரப்பு குறுகல். சிலந்தி இழையைக் குறுக்குக்கோடாக ஒட்டிய ஸ்கோப்புகளும் அந்தக் காலத்தில் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த வகை ஸ்கோப்புகள் களம் கண்டன. ஆனால் இலக்குச் சுடுதலில் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு விஷயமாகவே ஆகவில்லை. கிடைத்ததை வாங்கினார்கள்.

தேர்வு என்று ஒன்று வந்தது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில். பிட்ஸ்பர்கில் ஜான் ஃபெக்கர், அவரிடம் வேலை பார்த்துவிட்டு 1934இல் தனியாகத் தொடங்கிய ஜான் உனெர்ட்ல், கனெக்டிகட்டில் லைமன் நிறுவனம் என்று இரண்டு மூன்று பெயர்கள்தான். ஓஹியோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரி மைதானத்தில் தேசியப் போட்டிக்கு வந்து படுத்தவர்களின் ரைபிள்களில் இவர்கள் செய்த நீளக் குழாய்களே இருந்தன. 1965இல் அங்கே ஆயிரம் கெஜத்து விம்பிள்டன் கோப்பையை வென்ற கார்லோஸ் ஹாத்காக், அடுத்த ஆண்டுகளில் வியட்நாம் போரில் பயன்படுத்திய வின்செஸ்டர் ரைபிளிலும் எட்டு மடங்கு உனெர்ட்ல்தான் இருந்தது.

அந்த உனெர்ட்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், இன்றைய ஸ்கோப்பிலிருந்து அது எவ்வளவு வேறான பொருள் என்பது விளங்கும். குழாய்க்குள் நகரும் உறுப்பு ஏதும் இல்லை. குறுக்குக்கோடு ஒரே இடத்தில் நிற்கும். ஏற்ற இறக்கம் செய்ய வேண்டுமென்றால் குழாய் முழுவதையுமே அசைக்க வேண்டும். பின்பக்கத் தாங்கியில் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு மைக்ரோமீட்டர் திருகுகள். முன் தாங்கியும் பின் தாங்கியும் 7.2 அங்குல இடைவெளியில் உட்காரும். அந்த எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது. திருகு ஒரு கிளிக்குக்கு அங்குலத்தில் 0.0005 நகர்ந்தால், நூறு கெஜத்தில் குண்டு சரியாகக் கால் அங்குலம் நகரும். இடைவெளி மாறினால் கிளிக்கின் மதிப்பும் மாறிவிடும். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும்; கனமான குழாய் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால் தாங்கிகளுக்குள் முன்னோக்கிச் சறுக்கிவிடும். சில மாடல்களில் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுவரும். மற்றவற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு கையால் குழாயைப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். இழுக்க மறந்தால் அடுத்த குண்டு போகும் இடம் வேறு.

இதை ஒரு குறையாக மட்டும் பார்ப்பது தவறு என்று நினைக்கிறேன். எல்லாமே கண்ணுக்கு முன்னால் வெளியே இருந்தது. எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று சுடுபவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் திருகைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பார்த்துக்கொள்வார்.

இதற்கிடையே, மறுபக்கத்தில் எல்லாம் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. 1930இல் பில் வீவர் மலிவு விலை ஸ்கோப்பை வேட்டைக்காரர்களிடம் கொண்டுபோனார். அந்தக் காலத்து உள்நகர்வு ஸ்கோப்புகளில் திருகைத் திருப்பினால் குறுக்குக்கோடே நடுவிலிருந்து ஒரு மூலைக்குப் போய்விடும். பின்னாளில், படத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அடங்கிய உட்குழாயையே சாய்க்கும் அமைப்பு வந்ததும் கோடு எப்போதும் நடுவில் நின்றது. ஒரிகன் மாநிலத்து லூபோல்ட் நிறுவனம் 1940களின் கடைசியில் குழாய்க்குள் நைட்ரஜன் அடைத்து, மழையிலும் குளிரிலும் லென்ஸின் உட்பக்கம் பனிமூட்டம் படிவதைத் தடுத்தது. பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் வந்தது. கண்ணாடியின் பூச்சு மேம்பட்டது. ஜப்பானின் மார்ச் ஸ்கோப்புகளில் நிறப்பிரிகையைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடியும் அறுபது மடங்கு உருப்பெருக்கமும் வந்துவிட்டன.

போட்டியின் முகத்தையும் ஸ்கோப் மாற்றியது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்வர்சன், வயதான காலத்தில் திறந்த குறியை வைத்துச் சுடக் கண்ணும் கையும் ஒத்துழைக்காதபோது, ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துச் சுட இடம் கேட்டார். அதிலிருந்து பிறந்து அவர் பெயரைத் தாங்கி நிற்பதுதான் எஃப்-கிளாஸ். கண் மங்கியவர்களுக்குச் சலுகை என்று தொடங்கியது இன்று உலகப் போட்டி நடக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சலுகை என்ற பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. ஆயிரம் கெஜத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 20 அங்குலமாக இருந்ததை அமெரிக்காவில் எஃப்-கிளாஸுக்காகப் பாதியாக்கி 10 அங்குலம் ஆக்கினார்கள். உள்ளே இருக்கும் எக்ஸ் வட்டம் ஐந்தே அங்குலம்.

இன்று ஸ்கோப் வாங்கப் போகிறவர் முன்னால் இந்த வட்டமும் ஒரு நீண்ட விலைப்பட்டியலும் இருக்கின்றன. ரைபிளின் விலையைத் தாண்டும் ஸ்கோப்புகள் சாதாரணம். எஃப்-கிளாஸின் எஃப்-டிஆர் பிரிவில் என்றால் எடையும் சேர்ந்துகொள்ளும்: ரைபிள், இருகால் தாங்கி, ஸ்கோப் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்கோப்பில் ஏறும் ஒவ்வொரு கிராமும் குழலிலிருந்து குறைய வேண்டும்.

விளம்பரம் முதலில் காட்டுவது உருப்பெருக்கத்தை. வாங்குபவரின் பார்வையும் முதலில் அங்கேதான் போகிறது. ஆனால் வெயில் ஏறிய பிற்பகலில் தரையிலிருந்து எழும் கானல் எந்தக் கண்ணாடிக்கும் அடங்காது. உருப்பெருக்கம் கூடக் கூட இலக்கோடு சேர்ந்து கானலும் பெரிதாகும். வட்டம் கொதிக்கும் எண்ணெயில் மிதப்பதுபோல் நெளியும். ஐம்பத்தைந்து மடங்கு போகும் ஸ்கோப்பை வாங்கியவர் அப்போது வளையத்தை இருபத்தைந்து, முப்பதுக்கு இறக்கிக்கொள்வார். இறக்கி வைத்த நிலையிலும் படம் கூர்மையாக இருக்கிறதா, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிகிறதா என்பதுதான் விலைக்கு உண்மையான சோதனை. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக்காற்று, ஆயிரம் கெஜம் போவதற்குள் .308 காலிபர் குண்டை ஆறேழு அடியாவது ஒதுக்கித் தள்ளிவிடும். அந்தக் காற்றின் போக்கைக் காட்டுவதும் இதே கானல்தான். அதை முழுக்க மறைக்கும் கண்ணாடி கிடைத்தாலும் நல்ல சுடுபவர் அதை வேண்டமாட்டார்.

குழாயின் தடிமன் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் குழாய் வெளிச்சத்தைக் கூட்டும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். வெளிச்சம் முன் லென்ஸின் வேலை. தடித்த குழாய் தருவது உட்குழாய் சாய்வதற்கான இடம். நூறு கெஜத்துக்குச் சரி செய்த .308 ரைபிளை ஆயிரம் கெஜத்துக்குக் கொண்டுபோக முப்பது கோண நிமிடத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இடம் இல்லாவிட்டால் திருகு பாதியில் முட்டி நின்றுவிடும். ஸ்கோப்பின் அடியில் இருபது நிமிடம் சரிவு வைத்த தளத்தைப் பொருத்துவதும் இதற்காகத்தான்.

குறுக்குக்கோடு இருக்க வேண்டியது முதல் குவியத் தளத்திலா, இரண்டாம் குவியத் தளத்திலா என்ற சண்டையில் நான் அதிகம் இறங்க விரும்பவில்லை. எஃப்-கிளாஸில் தொலைவு தெரிந்தது, இலக்கு அசையாதது. உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் தடிக்காத மெல்லிய கோடுதான் அங்கே தேவை, எனவே இரண்டாவது. வெவ்வேறு தொலைவுகளில் நேரத்தோடு போட்டி போட்டுச் சுடும் பிஆர்எஸ் போட்டிகளில் கோட்டின் அளவுகளை வைத்தே குறி ஒதுக்க வேண்டும். அங்கே முதலாவது.

நிறுத்திப் பார்க்க வேண்டியது கிளிக்கை. உனெர்ட்லின் திருகு வெளியே இருந்தது. இன்றைய ஸ்கோப்பின் திருகுக் குமிழான டரட் உள்ளே ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து உட்குழாயைத் தள்ளுகிறது; அது சொன்னபடி நகர்ந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. சோதிக்க வழி உண்டு. நாடாவால் அளந்த நூறு கெஜத்தில் ஒரு உயரமான பலகை, அதில் தூக்குக்குண்டு கட்டிப் பிடித்த நேர்கோடு. அடியில் சுட்டுவிட்டு டரட்டை முப்பது கோண நிமிடம் ஏற்றிச் சுட்டால், குண்டு 31.4 அங்குலம் மேலே பட வேண்டும், கோட்டை விட்டு விலகவும் கூடாது. நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலும் ஆயிரம் கெஜத்தில் ஆறு அங்குலத்துக்கு மேல் பிசகும். பத்துப் புள்ளி வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு ஐந்தே அங்குலம். எஃப்-கிளாஸில் கணக்குக்கு வராத முன்னோட்டக் குண்டுகள் இருப்பதால் இந்தப் பிசகைத் திருத்திக்கொள்ளலாம். முதல் குண்டே பட வேண்டிய பிஆர்எஸ்ஸில் முடியாது.

இரண்டுக்கும் பொதுவான எதிரி, யாரும் டரட்டைத் தொடாமலே குண்டுக்குக் குண்டு குறி இடம் மாறுவது. உதையில் உட்குழாய் இம்மியளவு பிசகி வேறிடத்தில் உட்காரும். சுடுபவர் காற்றைக் குறை சொல்வார், மருந்தை மாற்றுவார், குழலையே கழற்றி மாற்றியவர்களும் உண்டு. ஒரே துளைக்குள் குண்டுகளை அடுக்கப் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் சுடுபவர்கள்தான் இதை முதலில் விடாப்பிடியாகத் துரத்திப் பிடித்தவர்கள். அவர்களில் சிலர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. நவீன ஸ்கோப்பின் உட்குழாயை அசையாதபடி இறுக்கிப் பசையிட்டு உறையவைத்துவிட்டு, நகர்த்தும் வேலையை வெளித் தாங்கிக்குக் கொடுத்தார்கள். குழாய் முழுவதும் நகரும், கோடு நகராது. உனெர்ட்ல் செய்துவந்த அதே வேலை, இம்முறை இன்றைய கண்ணாடியோடு.

எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு ஸ்கோப்புகளைப் அருகருகே பிடிக்கும் தாங்கி ஒன்றைக் கிளப்பில் யாராவது வைத்திருப்பார்கள். நம்பகமானது என்று தெரிந்த ஸ்கோப் ஒன்று, புதிதாக வாங்கியது ஒன்று, இரண்டையும் ரைபிள் மேல் ஏற்றி, இரண்டு குறுக்குக்கோடுகளையும் தூரத்தில் ஒரே புள்ளியில் வைத்துவிட்டு, ஒரு குண்டு சுட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து குண்டு. புதியதன் கோடு மட்டும் புள்ளியை விட்டு நகர்ந்திருந்தால் விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம், அது எத்தனை மடங்கு பெருக்கினாலும் சரி. ரசீதையும் பெட்டியையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.