மேசை நாடகமும் ஆடுவோர் பூசலும்

நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாத்திரத்தை மேற்கொண்டு, வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டமொன்று மேனாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. அவருள் ஒருவர் நெறியாளர். கதை நிகழும் உலகினை அவரே படைத்துக் காட்டுவார்; பகைவர், வணிகர், வழிப்போக்கர் ஆகியோரெல்லாம் அவர் வாய்வழியே பேசுவர். மற்றையோர் தத்தம் பாத்திரம் யாது செய்யும் என்பதைக் கூறுவர். செயல் கைகூடுமோ என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்வர். இருபது முகமுடைய பகடையும் இவ்வாட்டத்தில் உண்டு. கதை வாரந்தோறும் தொடர்ந்து, சில குழுக்களில் ஆண்டுக்கணக்காகவும் நீளும். ஆகவே, குழு குலையுமாயின் குலைவது ஓர் ஆட்டம் மாத்திரமன்று; நீண்டகால நட்பொன்றும் அதனுடன் குலைகின்றது.

பூசல் இவ்வாட்டத்தின் பிறப்போடு ஒட்டியதென்றே கூறலாம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலப் போராட்டமொன்றை நடத்த முற்பட்டார். பிறவுன்ஸ்ரைன் என்னும் கற்பனை நகரமே களம். படைத்தலைவர்களோடு அமையாது, நகரத் தலைவர் முதலிய பாத்திரங்களையும் அவர் பகிர்ந்தளித்தார். ஆட்டக்காரர்களோ தத்தம் சூழ்ச்சிகளில் இறங்கி, இருவர் துவந்த யுத்தத்துக்கும் எழுந்துவிட்டனர். அதற்கென விதியொன்றும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஆட்டம் பாழாயிற்றென்றே வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ மீண்டும் வேண்டுமெனக் கேட்டனர். அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆணெசன் என்பவரும் விஸ்கொன்சினைச் சேர்ந்த கறி கைகக்ஸ் என்பவரும் கூடி ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிறகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. இவ்வகை ஆட்டங்களுள் முதன்முதல் அச்சேறியது அதுவே.

பாத்திரங்கள் தம்முட் பொருதல் கதைக்குச் சுவை. ஆடுவோர் தம்முட் பொருதல் வேறு. தொல்காப்பியர் செய்யுள் வழக்குப் பற்றிக் கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைச் சுட்டினார். அப்பெயர்களை ஈண்டு கடன்கொள்வோமாயின், ஒரு வழக்கில் எழுந்த குறையை மற்றை வழக்கில் தீர்க்க முயல்வதே மேசைப் பூசல்கள் பெருகுதற்குத் தலையாய காரணம் எனலாம்.

கைகக்ஸ் 1979இல் நெறியாளர்க்கென எழுதிய கைந்நூல் இதற்குச் சான்று. ஆட்டத்தைக் கெடுப்போரை அடக்கும் வழிகளாக அவர் கூறியவை நகைப்புக்கிடமானவை. வானினின்று நீல இடியை அக்குற்றவாளியின் தலையில் விழச் செய்யலாம். அவன் பாத்திரத்தின் கவர்ச்சிப் புள்ளியில் ஒன்றை நிலையாகவே குறைக்கலாம். இவற்றாற் பயனில்லையாயின் இறுதியில் அவனை விலக்கிவிடவேண்டும் என்றும் அவர் எழுதினார். இறுதியிற் கூறியதே சரியானது. இடி விழுந்தவன் அதனைக் கதையின் ஒரு நிகழ்ச்சியாகவே கொள்வான். அடுத்த வாரம் பழிவாங்கும் வழியையும் தேடுவான். அவன் செய்கை தோழரை வருத்துகின்றது என்னும் செய்தியை மாத்திரம் அவனுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்.

இதன் மறுபக்கமும் உண்டு. உடன் செல்வோரின் பொருளைக் களவாடுவான் ஒருவன். இரவிற் காவலிருக்க வேண்டியவன் தோழனையே கத்தியாற் குத்துவான். கேட்டால், “நான் என்ன செய்வது? என் பாத்திரம் அப்படிப்பட்டது” என்பான். இவ்விடை கேட்போர் வாயை அடைத்துவிடும். எனினும் இது போலி நியாயமே. அப்பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தவன் அவன். அதன் குணத்தை வகுத்தவனும் அவனே. கள்வனுக்கும் தோழரிடம் களவாடாதிருத்தற்குக் காரணங்கள் ஆயிரம் கற்பிக்கலாம். இத்தகையோனிடம் நெறியாளர் கதைக்குள் நின்று வாதிடுதல் வீண். பகடையை வைத்துவிட்டு, பாத்திரப் பெயரால் அன்றி அவன் சொந்தப் பெயரால் அவனை அழைத்து, “இது எங்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை” எனத் தனிமையிற் கூறுதலே தக்கது. பலர் முன்னிலையிற் கூறின் அவன் தன் மானத்தைக் காத்தற்காகவே எதிர்ப்பான்.

சில வேளைகளில் குற்றம் எவரிடத்தும் இராது. பாத்திரத்தின் சினம் ஆடுபவன் நெஞ்சிலும், ஆடுபவனின் சினம் பாத்திரத்தின் வாயிலும் புகுவதுண்டு. எமிலி கெயர் பொஸ் என்னும் ஆட்ட ஆக்குநர் 2007இல் இதற்குக் ‘கசிவு’ என்னும் பொருள்பட ஒரு பெயர் வழங்கினார். காதலர் இருவர் ஒரே குழுவில் இருந்து பிரிவாராயின் இக்கசிவு மிகும். வீட்டில் முடியாத வழக்கு மேசையில் வாளாக வெளிப்படும். மற்றையோர் செய்வதறியாது பகடையைப் பார்த்துக்கொண்டிருப்பர். நெறியாளரே அவ்விருவருள் ஒருவராயின் வேறொருவரிடம் அப்பொறுப்பை ஒப்புவித்தல் நன்று. நடுநிலை கோடவில்லையென எத்துணை கூறினும் எவரும் நம்பார்.

அண்மைக் காலத்தில் முன்னேற்பாடுகள் சில வழக்கத்துக்கு வந்துள்ளன. கதை தொடங்குமுன் கூடி, யாது ஆடுவோம், யாது ஆடோம் எனப் பேசிக்கொள்ளும் அமர்வைப் ‘பூச்சிய அமர்வு’ என்பர். கைகக்ஸின் ஆட்டத்துக்கு 2020இல் வெளிவந்த விதிநூலொன்றும் அதனை விளக்குகின்றது. கதையில் அறவே வரலாகாதவற்றைக் ‘கோடு’ என்றும், வரலாம் ஆயினும் விரித்துரைக்கலாகாதவற்றைத் ‘திரை’ என்றும் றொன் எட்வேட்ஸ் 2003இற் பாகுபடுத்தினார். ஜோன் ஸ்ரவ்றோபொலஸ் 2013இல் வகுத்த முறையோ இன்னும் எளிது. பெருக்கற்குறி இட்ட சீட்டொன்று மேசை நடுவே கிடக்கும், எவரேனும் அதனைத் தொட்டால் அக்காட்சி நீக்கப்படும், காரணம் கேட்கப்படுவதில்லை. இச்சீட்டு ஆட்டத்தைத் தடைப்படுத்தும் என்பார் உளர். பேசக் கூசுபவனுக்கும் அது ஒரு குரல் தருகின்றது என்பதை அவர் நோக்குவதில்லை.

எவ்வழியும் பயன்படாதபோது எஞ்சுவது விலக்கலே. இங்கேதான் குழுக்கள் தயங்குகின்றன. பள்ளிப்பருவத்தில் பிறரால் ஒதுக்கப்பட்ட துயரை அறிந்தோர் இவ்வட்டங்களில் பலராகலின், ஒருவனை ஒதுக்குதல் அவர்க்குப் பெருங்கொடுமையாகத் தோன்றும். ஆனால் தொல்லை செய்பவனை விலக்காத குழுவும் ஒருவனை விலக்கியே தீரும். அவன் பொறுமைசாலி, முதலில் ஒரு வாரம் தலைவலி என்பான், மறுவாரம் வேலை மிகுதி என்பான், பின்பு வரமாட்டான். அவன் நாற்காலியில் வேறொருவன் வந்தமரும்வரை, அவன் ஏன் போனான் என எவரும் கேட்பதில்லை.