பெயர் மாறலாம், ஊரும் நாளும் மாறக் கூடாது

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். களப்பின் அடியிலிருந்து இசை போன்ற ஓர் ஒலி எழுவதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். மீனவர்களை விசாரித்தபோது, ஒலி எழுப்புவது மீனல்ல, ஒருவகை ஊரிதான் என்று சொன்னார்கள். அவர் கேட்டதற்காக உயிருள்ள ஊரிகளைத் தேடிப் பிடித்தும் கொடுத்தார்கள். நிலவு எழுந்த பிறகு ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே தோணியில் போய் அந்த ஒலியை டெனன்ட் தாமே கேட்டார். பின்னர் எழுதிய நூலில் அவர் அந்த இரவை விவரித்தார். ஊரியின் படத்தையும் ‘செரிதியம் பலுஸ்ட்ரே’ என்ற பெயரோடு அச்சிட்டார்.

ஒலிக்குக் காரணம் எது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் டெனன்ட் படம் அச்சிட்ட ஊரி எது என்பதில் ஐயமில்லை. கண்ணா மரங்களின் கீழ்ச் சேற்றில் ஊர்ந்து, உதிர்ந்த இலைகளைத் தின்று வாழும் பெரிய, கூர்ங்கோபுர வடிவ நத்தை அது. 1767இல் லின்னேயஸ் அதற்கு ‘ஸ்ட்ரோம்பஸ் பலுஸ்ட்ரிஸ்’ என்று பெயரிட்டார். டெனன்ட்டின் காலத்தில் அது செரிதியம் என்ற பேரினத்துக்குப் போயிருந்தது. இன்று அதன் பெயர் ‘டெரிபிராலியா பலுஸ்ட்ரிஸ்’. உயிர் ஒன்றுதான், பேரினப் பெயர்கள் மட்டும் மூன்று. அப்படி மாறியும் டெனன்ட் எழுதியதன் மதிப்பு குறையவில்லை. எந்த ஊர், எந்த மாதம், எந்த ஆண்டு, யார் கொண்டுவந்தார்கள், அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிட்டன. பெயரைப் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம். ஊரும் நாளும் எழுதப்படாமல் போனால் அவற்றை மீட்க எவராலும் முடியாது.

இயற்கை வரலாற்றுச் சேகரிப்புகள் அனைத்தும் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. பாடசாலை ஆய்வுகூட அலமாரிகளில் ‘கடல் குதிரை’, ‘நண்டு’ என்று பெயர் மட்டும் ஒட்டிய போத்தல்களைப் பலரும் பார்த்திருப்போம். பாடம் நடத்த அவை போதும். ஆராய்ச்சிக்கு அவற்றால் ஏறக்குறையப் பயனில்லை. ஊரும் திகதியும் இல்லாத மாதிரி, எல்லையும் திகதியும் எழுதாத காணி உறுதியைப் போன்றது. கையில் இருக்கும், ஆனால் எதையும் நிறுவாது.

ஒரு மீன் ஆவணமாகும் விதம்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் ஒரு பாரை மீனை எடுத்துக்கொள்வோம். அது நூதனசாலை மாதிரியாக வேண்டுமானால் முதல் வேலை பெயர் வைப்பதல்ல, எண் இடுவது. ஒரு சிறு துண்டில் எண்ணை எழுதி மீனின் வாய்வழியோ செவுள்வழியோ நூலால் கட்டுவார்கள். அதே எண் களக் குறிப்பேட்டில் ஏறும். எங்கே பிடிபட்டது, எத்தனை பாகம் ஆழம், என்ன வலை, என்ன நாள், உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்ற விவரங்கள் அந்த எண்ணின் கீழ் எழுதப்படும். நிறத்தை உடனே குறிப்பது முக்கியம், மதுசாரத்தில் மீனின் நிறம் சில நாட்களிலேயே மங்கிவிடும்.

மரபணு ஆய்வுக்கு வேண்டிய சிறு தசைத் துண்டை முதலில் வெட்டி, செறிந்த எதனோலில் தனியே வைப்பார்கள். போமலின் பட்டுவிட்டால் மரபணுவைப் படிப்பது மிகக் கடினம். பிறகு மீனை நீர் கலந்த போமலினில் இட்டு உறுதியாக்குவார்கள். பெரிய மீன் என்றால் உள்ளுறுப்புகள் அழுகாதிருக்க வயிற்றின் வலப்பக்கத்தைக் கீறிவிடுவார்கள். அளவெடுப்பதும் படம்பிடிப்பதும் இடப்பக்கத்தில் என்பது மரபு, ஆகவே அந்தப் பக்கம் பழுதுபடக் கூடாது. கடைசியில் நீரில் நன்கு ஊறவைத்துக் கழுவி, 70 வீத மதுசாரத்துக்கு மாற்றுவார்கள்.

லேபிள் போத்தலுக்குள்ளேயே மீனோடு மூழ்கிக் கிடக்க வேண்டும். வெளியே ஒட்டிய காகிதம் பசை காய்ந்து விழும், கரப்பானும் அரிக்கும். குமிழ்முனைப் பேனாவின் மை மதுசாரத்தில் கரைந்து பரவும். பென்சில் எழுத்தும் கரிமையும் அப்படிக் கரைவதில்லை. காகிதமும் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். சாதாரணத் தாளில் இருக்கும் அமிலம் அதை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும் என்பதால், பருத்தி நாரால் செய்த அமிலமற்ற தாளைப் பயன்படுத்துகிறார்கள். வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலையால் நாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர் வாழைச்சேனை. காகிதத்தின் ஆயுள் அதன் நாரிலும் செய்முறையிலும் இருக்கிறது என்பதை இந்த ஊருக்கு விளக்க வேண்டியதில்லை.

பூச்சிகளுக்கு வேறு முறை. வண்டென்றால் வலது மேற்சிறகிலும், வண்ணத்துப்பூச்சியென்றால் மார்பின் நடுவிலும் ஊசி ஏற்றுவார்கள். அதே ஊசியில் உடலுக்குக் கீழே விரல் நகமளவு லேபிள்கள் வரிசையாகக் கோக்கப்படும். முதலாவதில் ஊர், திகதி, சேகரித்தவர். அதற்குக் கீழே இனத்தின் பெயர், அதைத் தீர்மானித்தவர், ஆண்டு. திகதியில் மாதத்தை உரோம எண்ணில் எழுதும் வழக்கம் உண்டு. 5.8 என்று எழுதினால் ஓகஸ்ட் 5 என்று ஒருவரும் மே 8 என்று இன்னொருவரும் படிப்பார்கள். உரோம எண் அந்தக் குழப்பத்துக்கு இடம் தராது.

செடியைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டுவார்கள். லேபிளுக்குரிய இடம் வழக்கமாக வலது கீழ்மூலை. பின்னர் வரும் அறிஞர் பெயர் பிழையென்று கண்டால் பழைய லேபிளைக் கிழிப்பதில்லை, தம் முடிவை ஒரு சிறு சீட்டில் எழுதி அருகே ஒட்டுவார். நூறாண்டுப் பழமையான ஒரு தாளில் நான்கைந்து சீட்டுகள் இருப்பது இயல்பு. அறிவு எப்படித் திருந்தி வளர்ந்தது என்பதை அந்தத் தாளிலேயே படித்துவிடலாம்.

ஊரை மறந்த எண்கள்

இலங்கையின் தாவரவியல் வரலாற்றில் லேபிளின் அருமையைக் காட்ட ஒரு பெரிய சான்று பேராதனையில் இருக்கிறது. 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்தவர் ஜோர்ஜ் துவைட்ஸ். அவர் 1858 முதல் 1864 வரை வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியல் இன்றும் அடிப்படை நூல். தம் உலர்செடிகளுக்கு அவர் இட்ட எண்கள் ‘சிலோன் பிளான்ட்ஸ்’ என்பதன் சுருக்கமாகச் ‘சி.பி.’ எண்கள் எனப்படுகின்றன. அந்த எண்களோடு உலர்செடித் தொகுதிகள் இலண்டனுக்கும் ஐரோப்பாவின் வேறு நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டன.

துவைட்ஸ் எண்ணிட்டது இனத்துக்கு, சேகரிப்புக்கு அல்ல. ஒரே இனம் என்று அவர் கருதிய செடிகள் எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டிருந்தாலும் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்தன. அவருக்கு முன் பொறுப்பில் இருந்த ஜோர்ஜ் கார்ட்னர் சேகரித்தவையும் அவற்றுள் கலந்தன. வெளிநாடுகளுக்குப் போன தாள்கள் பலவற்றில் எண் மட்டுமே இருந்தது, ஊர் இல்லை. செடிகளை அறிவதில் துவைட்ஸ் வல்லவர். ஆனால் சேகரித்த இடமும் மாதிரியின் பகுதி என்ற எண்ணம் அந்தக் காலத்தில் எல்லோரிடமும் வேரூன்றியிருக்கவில்லை.

இனத்துக்கு எண்ணிட்ட அந்த வழக்கத்தின் விளைவை இன்றைய ஆய்வாளர் சுமக்கிறார். துவைட்ஸ் ஓர் இனமென்று கண்டது உண்மையில் இரண்டு இனங்கள் என்று தெரிந்தால், எந்தத் தாள் எதற்குரியது என்று பிரிக்க வேண்டும். மலைநாட்டில் பறித்ததும் வறண்ட கிழக்கில் பறித்ததும் ஒரே எண்ணில் இருக்கக்கூடும். கையெழுத்தையும் பழைய குறிப்புகளையும் ஒப்பிட்டு ஒவ்வொரு தாளையும் விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. துவைட்ஸுக்குப் பின் வந்த ஹென்றி டிரைமன், 1893இல் வெளிவரத் தொடங்கிய தம் கைந்நூலில் செடிகள் வளரும் ஊர்களை விரிவாகக் குறித்தார், சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் தந்தார். 1896இல் அவர் இறந்தபின் ஜோசப் ஹூக்கர் எஞ்சிய பாகங்களை 1900இல் நிறைவு செய்தார். இன்றைய விதி தெளிவானது. ஓர் எண் என்றால் ஓர் இனம், ஓரிடம், ஒரு நாள், ஒரு சேகரிப்பு.

அலமாரியின் ஒழுங்கு

எண்ணும் லேபிளும் பெற்ற மாதிரி அடுத்ததாக அலமாரிக்குப் போகிறது. குடும்பம், பேரினம், இனம் என்ற வகைப்பாட்டு வரிசையில் அது தன் இடத்தைப் பெறும். மதுசாரம் தீப்பற்றும் என்பதால் ஈர மாதிரிகளுக்குத் தனி அறை உண்டு.

இனத்தைத் தீர்மானிப்பது எண்ணிக் கணக்கிடும் வேலை. நாம் பாரை என்று ஒரே சொல்லால் அழைப்பதற்குள் பல இனங்கள் இருக்கின்றன. முதுகுத் துடுப்பில் எத்தனை கதிர்கள், பக்கக் கோட்டில் எத்தனை தடித்த தகடுகள், முதல் செவுள் வளைவில் எத்தனை முட்கள், மார்பில் செதில் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். மாதிரி கையில் இருந்தால் இன்றைய முடிவை ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் சரிபார்க்கலாம். வெறும் பட்டியலில் எழுதிய பெயரைச் சரிபார்க்க முடியாது.

எல்லா மாதிரிகளுக்கும் மேலான மதிப்பு மூலமாதிரிக்கு உண்டு. புதிய இனமொன்றுக்குப் பெயர் சூட்டும்போது அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு பிணைக்கப்படுகிறது. இந்த இனம் எது என்று சர்ச்சை வந்தால் உலகம் முழுவதும் அந்த ஒரு மாதிரியிடம்தான் தீர்ப்புக் கேட்கும். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பூச்சிகளின் மூலமாதிரிக்குச் சிவப்பு விளிம்பிட்ட வட்ட லேபிள் இடுவது வழக்கம். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

திகதி பேசிய இடம்

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவருக்குப் பொரி வல்லூறின் முட்டைகள் பதில் சொல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் இந்தப் பறவை வேகமாகக் குறைந்தது. அதன் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. டெரெக் ரட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை அளந்து, எடையிட்டு, 1967இல் முடிவை வெளியிட்டார். 1947 அளவிலிருந்து ஓடுகள் மெலிந்திருந்தன. அது டி.டி.டி. பூச்சிகொல்லி பரவத் தொடங்கிய காலம். முட்டைகளைப் பொழுதுபோக்காகச் சேர்த்தவர்கள் எவரும் பூச்சிகொல்லியை நினைத்துச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முட்டைக்கும் திகதியும் இடமும் எழுதிவைத்தார்கள், அவ்வளவே. அந்த எழுத்து இல்லாவிட்டால் எந்த ஓடு பழையது, எந்த ஓடு புதியது என்று ரட்கிளிஃப் எப்படி அறிந்திருப்பார்?

வாழைச்சேனைக் களப்புக்கும் இப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மாதுறு ஓயா கடலோடு சேரும் இடம் இது. மாரியில் ஆற்று வெள்ளம் வந்து நீர் நன்னீராகும், கோடையில் உப்பேறும். ஒரே கரையில் மார்கழியில் கிடைக்கும் உயிர்களும் ஆவணியில் கிடைப்பவையும் ஒன்றல்ல, ஆகவே மாதமில்லாத லேபிள் இங்கே பாதி லேபிள்தான். காகித ஆலை 1950களில் எழுந்தது. 1978 நவம்பரில் சூறாவளி அடித்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இவற்றுக்கு முன் இந்தச் சேற்றில் எந்த ஊரி வாழ்ந்தது, எந்த மீன் குஞ்சு பொரித்தது, எது போயிற்று, எது புதிதாக வந்தது? நாள் குறித்த மாதிரிகள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குத்தான் விடையும் கிடைக்கும்.

கிழக்கில் எடுக்கப்பட்ட மாதிரிகளைத் தேடிக் கொழும்புக்கும் பேராதனைக்கும் இலண்டனுக்கும் போக வேண்டியிருக்கிறது. கொழும்பு நூதனசாலை 1877இல் தொடங்கியது, அதன் பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் களப்பின் கரையில் வாழ்பவர்களே அதன் உயிர்களைப் பதிவுசெய்யும் ஒரு சேகரிப்பு கிழக்கிலும் செழிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாழைச்சேனை, ஓட்டமாவடி, கல்குடாப் பகுதிகளில் பாடசாலைகள் இருக்கின்றன. மீனை அறிந்த மீனவர்கள் துறைமுகத்தில் நாள்தோறும் இருக்கிறார்கள். சட்டப்படி, அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட உயிர்களைப் பிடிப்பதோ பவளப்பாறையை எடுப்பதோ குற்றம், அதை மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். சந்தைக்கு வந்த மீனுக்கும் நாமே எடுத்த ஒளிப்படத்துக்கும் லேபிள் எழுதிப் பழகலாம்.

எழுதும்போது ஊர்ப்பெயரோடு நிற்கக் கூடாது. வாழைச்சேனையை ஆங்கிலத்தில் பலரும் பலவிதமாக எழுதுகிறார்கள். அகலாங்கும் நெட்டாங்கும் சேர்ந்தால் அந்தக் குழப்பம் தீரும். அங்கும் நுட்பம் வேண்டும். ‘வடக்கு 7.9 பாகை, கிழக்கு 81.5 பாகை’ என்று ஒரு தசம தானத்தோடு நிறுத்தினால் அது ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அகலமுள்ள பரப்பு. களப்பும் கடலும் வயலும் அதற்குள் அடங்கிவிடும். நான்கு தசம தானம் எழுதினால் இடம் 11 மீற்றர் அளவுக்குச் சுருங்கும். இன்று கைபேசியே அந்த எண்ணைக் காட்டுகிறது. கண்ணா வேரடியா, மணலா, சேறா என்பதையும் குறிக்க வேண்டும்.

மீனவர் சொல்லும் பெயரையும், அவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் லேபிளில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டெனன்ட்டுக்கு ஊரிகளைத் தேடிக் கொடுத்தவர்கள் இந்த மண்ணின் மீனவர்கள். ஊரிக்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரை அவர் எழுதிவைத்தார், ஆனால் அறிவியல் வரலாற்றில் அவர்கள் ‘மீனவர்கள்’ என்ற பொதுச்சொல்லாகவே நிற்கிறார்கள். சேகரித்தவர் பெயருக்கென்று ஒவ்வொரு லேபிளிலும் ஒரு வரி உண்டு. இனி எழுதப்படும் லேபிள்களில் அந்த வரி நிரம்பட்டும்.