விளம்பரத்தைத் தட்டியவர் பொருள் வாங்கினாரா?

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானில் வீட்டிலேயே முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து, சொந்த இணையத்தளத்தில் விற்கிறீர்கள். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் இரண்டு விளம்பரங்கள் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 500 வெள்ளி செலவு. முதலாவது, முறுக்கு பிழிவதைக் காட்டும் கலகலப்பான காணொளி. அதை 800 பேர் தட்டிக் கடைக்குள் வந்திருக்கிறார்கள். இரண்டாவது, விலையோடு கூடிய சாதாரணப் படம். அதைத் தட்டியவர்கள் 250 பேர்தான். இரண்டில் ஒன்றை நிறுத்தவேண்டும் என்றால் எதை நிறுத்துவீர்கள்?

பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் நிறுத்துவார்கள். ஆனால் காணொளியைப் பார்த்து வந்த 800 பேரில் 10 பேரும், படத்தைப் பார்த்து வந்த 250 பேரில் 25 பேரும் வாங்கியிருந்தால் கதை மாறிவிடும். சராசரி ஆர்டர் 60 வெள்ளி, அதில் உங்களுக்கு மிஞ்சுவது 24 வெள்ளி என்று கணக்கிடுங்கள். காணொளியால் கிடைத்தது 240 வெள்ளி, செலவு 500. ஆக 260 வெள்ளி நட்டம். படத்தால் கிடைத்தது 600 வெள்ளி. செலவு போக 100 வெள்ளி லாபம். தட்டியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், லாபம் தரும் விளம்பரத்தை மூடிவிட்டு நட்டம் தருவதை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

விளம்பரத்தைத் தட்டியவர் கடைசியில் பணம் கட்டினாரா என்பதைத் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாட்டைத்தான் ‘கன்வெர்ஷன் டிராக்கிங்’ என்கிறார்கள். விற்பனைத் தடமறிதல் என்று நாம் சொல்லலாம். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறிப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத புள்ளி

மெட்டாவும் டிக்டாக்கும் தங்கள் தடமறி கருவியை ‘பிக்சல்’ என்றே அழைக்கின்றன. இந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் இணையப் பக்கத்தின் ஒரு மூலையில், ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமில்லாத படத்தை வைப்பார்கள். பக்கம் திறக்கும்போது உலாவி அந்தப் படத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து கேட்டு வாங்கும். படம் யார் கண்ணிலும் படாது. ஆனால் எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த வகை உலாவி என்ற விவரமெல்லாம் அந்தக் கேள்வியோடு சேர்ந்து அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். இன்று அந்த வேலையை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று செய்கிறது. பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது.

பிக்சலுக்குத் துணையாக இருப்பது ‘குக்கி’. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதை உருவாக்கினார். இணையக் கடையில் ஒருவர் கூடையில் போட்ட பொருள்களை, அவர் அடுத்த பக்கத்துக்குப் போகும்போது மறந்துவிடாமல் வைத்திருப்பதே அதன் முதல் வேலைகளில் ஒன்று. உலாவியில் சேமிக்கப்படும் சிறு குறிப்புச் சீட்டு அது.

இரண்டும் சேர்ந்து இயங்கும் விதம் இதுதான். ஒருவர் உங்கள் விளம்பரத்தைத் தட்டும்போது, கடையின் முகவரிக்குப் பின்னால் ஒரு நீண்ட குறியீட்டை மெட்டா ஒட்டி அனுப்புகிறது. அந்தத் தட்டலுக்கு மட்டுமே உரிய அடையாளம் அது. கடைக்குள் இருக்கும் பிக்சல் அதை எடுத்துக் குக்கியில் பத்திரப்படுத்துகிறது. பிறகு அவர் பொருள் வாங்கும்போது, விற்பனைச் செய்தியோடு அந்த அடையாளத்தையும் சேர்த்து மெட்டாவுக்கு அனுப்புகிறது. இன்ன விளம்பரம், இன்ன விற்பனை என்று அங்கே முடிச்சுப் போடப்படுகிறது.

ஐந்து படிகள்

வாங்குபவர் கடைக்குள் ஐந்து படிகளைக் கடக்கிறார். பக்கத்தைப் பார்ப்பது, ஒரு பொருளைத் திறந்து பார்ப்பது, கூடையில் போடுவது, பணம் கட்டத் தொடங்குவது, வாங்கி முடிப்பது. ஒவ்வொரு படியும் ஒரு ‘நிகழ்வாக’ப் பதிவாகவேண்டும். 200 பேர் கூடையில் போட்டு, அவர்களில் 20 பேர் மட்டும் பணம் கட்டத் தொடங்கினால், கோளாறு விளம்பரத்தில் இல்லை. அஞ்சல் கட்டணத்தைக் கண்டு ஓடிவிட்டார்களா என்று பார்க்கவேண்டும்.

கடைசி நிகழ்வில் இரண்டு விவரங்கள் கட்டாயம்: தொகை, நாணயக் குறியீடு. மலேசிய ரிங்கிட்டுக்கு எம்.ஒய்.ஆர்., சிங்கப்பூர் வெள்ளிக்கு எஸ்.ஜி.டி. இணையத்திலிருந்து நகலெடுத்த நிரலில் அமெரிக்க டாலர் குறியீடு அப்படியே இருந்துவிட்டால், 60 ரிங்கிட் விற்பனை 60 டாலராகப் பதிவாகும். நட்டத்தில் ஓடும் விளம்பரமும் லாபம் கொழிப்பதுபோல் தெரியும்.

இந்தப் பதிவுகள் உங்களுக்கான அறிக்கை மட்டும் அல்ல. அடுத்து யாருக்கு விளம்பரத்தைக் காட்டலாம் என்பதை மெட்டாவின் கணினி இவற்றிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 நிகழ்வுகள் கிடைத்தால்தான் அந்தக் கற்றல் நிலைபெறும் என்பது மெட்டாவின் வழிகாட்டல். அத்தனை விற்பனை இல்லாத சிறு கடை, தொடக்கத்தில் ‘கூடையில் போடுவது’ என்ற நிகழ்வை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

வங்கிப் பக்கத்தில் அறுந்துபோகும் நூல்

வாங்கி முடித்ததற்கான நிகழ்வு, ‘நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்ற பக்கம் திறக்கும்போதுதான் பெரும்பாலும் பதிவாகிறது. நம் வட்டாரத்தில் இங்கேதான் சிக்கல்.

மலேசியாவில் எஃப்பிஎக்ஸ் வழியாகப் பணம் கட்டுபவர் கடையை விட்டு வெளியேறி வங்கியின் பக்கத்துக்குப் போகிறார். ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று பார்த்ததும், கடைக்குத் திரும்பும்வரை காத்திராமல் சிலர் அங்கேயே சாளரத்தை மூடிவிடுவார்கள். சிங்கப்பூரில் பேநவ் கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்து, வங்கிச் செயலியைத் திறந்து பணம் கட்டுபவர் பலவேளைகளில் உலாவிக்குத் திரும்பி வருவதே இல்லை. பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். நன்றிப் பக்கம் திறக்காததால் பிக்சலுக்கு மட்டும் விஷயமே தெரியாது.

முன்பு சொன்ன கணக்குக்கே வருவோம். படத்தைப் பார்த்து வாங்கிய 25 பேரில் பெரும்பாலோர் எஃப்பிஎக்ஸ் பயன்படுத்தி, 8 பேர் மட்டும் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பினார்கள் என்றும், காணொளியைப் பார்த்த 10 பேரும் கடன் அட்டையில் கட்டினார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் காணொளிக்கு 10, படத்துக்கு 8 என்றுதான் வரும். தடமறி கருவி வைத்திருந்தும் தவறான விளம்பரத்தையே நிறுத்துவீர்கள்.

உலாவிகளும் முன்போல் இடம் கொடுப்பதில்லை. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் பிற நிறுவனங்களின் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. கடையின் நிரல் எழுதும் குக்கிகளையும் 7 நாளுக்குமேல் அது வைத்திருப்பதில்லை. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும் என்றாக்கியது. மறுத்தவர்களின் தடம் பெருமளவு மங்கிவிட்டது.

சர்வர் வழியாக இரண்டாவது பாதை

இதற்கு மாற்றாக வந்ததுதான் சர்வர் வழித் தடமறிதல். மெட்டாவில் இதன் பெயர் ‘கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ’. டிக்டாக்கில் ‘ஈவென்ட்ஸ் ஏபிஐ’. வங்கி பணத்தை உறுதிசெய்ததும், கட்டணச் சேவை நிறுவனத்தின் கணினி உங்கள் கடையின் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறது. வாங்கியவர் சாளரத்தை மூடினாலும் இந்தச் செய்தி வரும். உங்கள் சர்வர் அதை வைத்து விற்பனை நிகழ்வை மெட்டாவுக்கு அனுப்பிவிடுகிறது. ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற தளங்களில் இதற்கான இணைப்புச் செயலிகள் உள்ளன; நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை.

பிக்சல், சர்வர் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நன்றிப் பக்கத்துக்கு வந்தவரின் விற்பனை இரண்டு பாதையிலும் போய், ஒன்று இரண்டாக எண்ணப்படக்கூடாது. அதற்காக ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண் கொடுக்கவேண்டும். ஆர்டர் எண்ணையே கொடுப்பது எளிது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் உள்ள நிகழ்வு இரண்டு பாதையில் வந்தால், மெட்டா ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

எண்ணைக் கூழாக்கும் கணிதம்

குக்கி இல்லாதபோது, வாங்கியவர் யார் என்று மெட்டாவுக்கு எப்படித் தெரியும்? அவர் ஆர்டரில் கொடுத்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் வைத்துத்தான். அவற்றை அப்படியே அனுப்புவதில்லை. ‘ஷா-256’ என்ற கணித முறையில் அரைத்து, 64 எழுத்துகளும் எண்களும் கலந்த வரிசையாக்கி அனுப்புகிறார்கள். மெட்டாவும் தன் பயனர்களின் எண்களை அதேபோல் அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறது.

இந்த முறையில் உள்ளீட்டில் ஓர் இலக்கம் மாறினாலும் விளைவு முற்றிலும் வேறாகிவிடும். மலேசியாவில் 012 என்று தொடங்கும் எண்ணை 6012 என்று நாட்டுக் குறியீட்டோடு எழுதி, இடைவெளியும் கோடும் நீக்கிய பிறகே அரைக்கவேண்டும். சிங்கப்பூர் எண்ணுக்கு முன்னால் 65 வேண்டும். மின்னஞ்சல் முழுவதும் சிறிய எழுத்தில் இருக்கவேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு பெயர்கூடப் பொருந்தாது.

அரைத்துவிட்டதால் எண் மறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் 8 அல்லது 9இல் தொடங்கும் எட்டு இலக்கக் கைப்பேசி எண்கள் அதிகபட்சம் 2 கோடிதான் இருக்க முடியும். சாதாரணக் கணினி ஒன்று அத்தனையையும் சில விநாடிகளில் அரைத்துப் பட்டியலிட்டு, எந்த வரிசை எந்த எண் என்று கண்டுபிடித்துவிடும். ஆகவே அது தனிநபர் தகவலாகவே கருதப்படவேண்டியது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகவலை எதற்காகப் பெறுகிறீர்கள், யாருக்குத் தருகிறீர்கள் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கவேண்டும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுவதை வலியுறுத்துகிறது. உங்கள் கடையின் தனியுரிமை அறிவிப்பில் இந்த விவரம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முறுக்கு வாங்க வந்த அக்கா தன் எண்ணை உங்களை நம்பித்தான் கொடுத்தார்.

ஒரே விற்பனைக்கு இரு சொந்தக்காரர்கள்

எல்லாம் சரியாக அமைந்தாலும் அறிக்கையை அப்படியே நம்பக்கூடாது. விளம்பரத்தைத் தட்டிய 7 நாளுக்குள், அல்லது வெறுமனே பார்த்த 1 நாளுக்குள் நடந்த விற்பனையை மெட்டா தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதே வழக்கமான அமைப்பு. திங்கட்கிழமை டிக்டாக் விளம்பரத்தையும் புதன்கிழமை இன்ஸ்டகிராம் விளம்பரத்தையும் தட்டியவர் வியாழக்கிழமை வாங்கினால், இரண்டு நிறுவனங்களும் ‘என்னால்தான் விற்றது’ என்று சொல்லும். இரண்டு அறிக்கைகளையும் கூட்டினால், உங்கள் ஆர்டர் புத்தகத்தில் உள்ளதைவிட அதிக விற்பனை வரும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் உங்களிடமே வாங்கும் வாடிக்கையாளர் விளம்பரத்தைப் பார்த்தபடி கடந்துபோய், மாலையில் வழக்கம்போல் ஆர்டர் செய்கிறார். அதுவும் விளம்பரத்தின் பெயரிலேயே பதிவாகும். விளம்பரம் இல்லாமலும் அவர் வாங்கியிருப்பார். புதிய மருந்தைச் சோதிக்கும்போது, அதைக் கொடுக்காத ஒரு குழுவையும் வைத்து ஒப்பிடுவார்கள் அல்லவா? அதே வழி இங்கும் உதவும். இரண்டு வாரம் பினாங்கில் மட்டும் விளம்பரம் காட்டி, ஜொகூரில் நிறுத்திவையுங்கள். முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டால், எந்த மாநிலத்தில் எவ்வளவு கூடியது என்று தெரியும். துல்லியமான ஆய்வு அல்ல; ஆனால் விளம்பர நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட நம்பத்தக்கது.

பண்டிகைக்கு முன் செய்யவேண்டியவை

பிக்சலைக் கடையில் ஒரே இடத்தில் மட்டும் பொருத்துங்கள். வடிவமைப்பாளர் ஒன்று, இணைப்புச் செயலி ஒன்று என்று இரண்டு இருந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். மெட்டாவின் கணக்கில் உங்கள் தள முகவரியின் உரிமையை உறுதிப்படுத்துங்கள். பிறகு உங்கள் கடையிலேயே ஒரு பாக்கெட் முறுக்கை நீங்களே வாங்கிப் பாருங்கள். ஒருமுறை அட்டையில்; இன்னொருமுறை எஃப்பிஎக்ஸ் அல்லது பேநவ் வழியாக, நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாமல். இரண்டும் சரியான தொகையோடு, ஒவ்வொரு முறை மட்டும் பதிவாகின்றனவா என்பதை மெட்டாவின் ‘டெஸ்ட் ஈவென்ட்ஸ்’ பகுதியில் காணலாம். நன்றிப் பக்கத்தை மறுபடி திறந்தும் பாருங்கள்; எண்ணிக்கை கூடக்கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை எந்தப் பிக்சலும் பார்ப்பதில்லை. ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?’ என்று ஒரு வரி கேட்டு, பதிலை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, விளம்பர அறிக்கை, ஆர்டர் புத்தகம், வங்கிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் முழுதாக ஒத்துப்போகாது. இடைவெளி வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. திடீரென்று விரிந்தால், விளம்பரத்தை மாற்றுவதற்கு முன் முதலில் தடமறி கருவியைச் சோதியுங்கள்.